சாவியும் கள்ளச்சாவியும்: சுப்பாராவ் தந்த இரண்டு மாத்திரைகள்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் பலரின் சீட்டில் இந்த ஜோடி இருக்கும்: வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், வேறொரு நாள் ஃபோலிக் அமிலம். இரண்டாவது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துத் தருவார்களே, அதுவேதான். முதலாவது, அதன் போலி! இரண்டின் கதையிலும் ஒரே பெயர் வருகிறது: எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிக்குலேஷனில் இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாவது முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். ஸ்ப்ரூ என்ற குடல்நோய் சகோதரர்களைப் பறித்தது. அவரையும் படுக்கையில் தள்ளியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். போச்சு, எல்.எம்.எஸ். மட்டும்தான் கிடைத்தது. 1923-ல் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில், தசைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யை 1929-ல் ஃபிஸ்கேயுடன் பிரித்தெடுத்தும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் குழு செயற்கையாகத் தயாரித்த ஃபோலிக் அமிலம், அதே ஸ்ப்ரூவுக்கு மருந்தானது.

இப்போ நொதிக்கு வருவோம். செஞ்சி மலையை ஏறி இறங்காமல் அந்தப் பக்கம் போக ஒரு கணவாய் இருந்தால் எவ்வளவு சுலபம்? உடலின் வேதிவினைகளுக்கு நொதி அப்படியொரு கணவாய். அது ஒரு புரதம். அதில் ஒரு பள்ளம். பூட்டில் சாவி மாதிரி, பொருத்தமான மூலக்கூறு அதில் உட்காரும், சட்டென்று மாறும், வெளியேறும். நொதி தேயாது, அடுத்ததுக்குத் தயார்.

ஃபோலிக் அமிலத்தையும் ஒரு நொதி மாற்றித் தந்தால்தான் செல்கள் டி.என்.ஏ. கட்ட முடியும். சுப்பாராவ் குழு அதே சாயலில் அமினோப்டெரின் என்ற கள்ளச்சாவியைச் செய்தது. அது பள்ளத்தில் நுழையும், ஆனா விடாது. நொதி முடங்கும்; வேகமாகப் பெருகும் புற்றுசெல்கள் பட்டினி கிடக்கும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இதை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார்; 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அந்த முடிவு வெளியான 1948-லேயே, ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் காலமானார். அந்தப் பூட்டு எந்த நொதி என்பதே 1950-களின் பிற்பகுதியில்தான் தெளிவானது.

அமினோப்டெரினின் நெருங்கிய உறவுதான் மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்குத் தருவது குறைந்த அளவு. வாய்ப்புண் போன்ற தொல்லைகளைக் குறைக்கத்தான் கூடவே ஃபோலிக் அமிலம். வாரம் ஒருமுறை என்பதைத் தினமும் என்று எடுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் பாட்டிக்கு மாத்திரை எடுத்துத் தருவது நீங்கள்தான் என்றால், கிழமையை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.