ஏரி கண்ட பராந்தகர்

உணவின்றி ஒருவன் சில நாள் பொறுத்திருப்பான். பருக நீரின்றிப் பொறுத்தல் அரிது. ஆதலின் பண்டைநாளில் மன்னர்க்குரிய அறங்களுள் நீர்நிலை காண்டல் தலையாயதாக எண்ணப்பட்டது. போர்வெற்றியாற் பெயர் பெற்ற அரசர் பலர். அவர் வென்ற நிலம் அவர் வாழ்நாளிலேயே பிறர் கைப்பட்டதும் உண்டு. ஏரியாற் பெயர் நிறுத்தியவரோ சிலரே. அச்சிலருள் ஒருவராகிய முதற் பராந்தக சோழரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

பராந்தகர் ஆதித்த சோழரின் மைந்தர். 907ஆம் ஆண்டில் அரியணை ஏறி, ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டு செங்கோல் செலுத்தினார். பாண்டியனை வென்று மதுரை கொண்டமையால் மதுரைகொண்ட கோப்பரகேசரி எனப் பெயர் பெற்றார். பாண்டியனுக்குத் துணைவந்த ஈழப்படையும் வெள்ளூர்ப் போரில் இவரிடம் தோற்றது. தில்லைச் சிற்றம்பலத்திற்குப் பொன் வேய்ந்த பெருமையும் இவருக்குண்டு. வீரநாராயணன் என்பது இவருடைய விருதுப் பெயர்களுள் ஒன்று. அப்பெயரே இன்றும் மக்கள் நாவில் வீராணம் எனத் திரிந்து வழங்குகின்றது.

நம் விருத்தாசலத்தின் மருங்கே ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றிற் கலக்கின்றது. அவ்வெள்ளாற்றுக்குத் தெற்கிலும் கொள்ளிடத்திற்கு வடக்கிலுமாகக் காட்டுமன்னார்கோயிலை அடுத்துக் கிடப்பதே வீரநாராயணன் ஏரி. மழைக்காலத்தில் கொள்ளிடத்திற் பெருகும் வெள்ளம் வீணே கடலை அடையும். கோடையிலோ நிலம் வெடித்துக் கிடக்கும். மிகுந்த நாளின் நீரைத் தடுத்து இல்லாத நாளுக்கு வைத்தலே இவ்வேரியின் நோக்கம். வடக்குந் தெற்குமாக ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீண்ட இதற்கு வடவாற்றின் வழியே நீர் வருகின்றது. ஏரி நிறைந்தால் வயல் மட்டுமன்றிச் சுற்றூர்க் கிணறுகளும் ஊறும். பழைய நாளில் இதற்கு 74 மதகுகள் இருந்தன வென்றும், அத்தொகையைக் கருதியே இராமாநுசர் 74 சமயத் தலைவரை அமைத்தனர் என்றும் வைணவ மரபிற் சொல்வதுண்டு.

பராந்தகரின் மூத்த மைந்தர் இராசாதித்தர் வடதிசைப் பகையை எதிர்நோக்கித் திருமுனைப்பாடி நாட்டிற் படையுடன் தங்கியிருந்தார். போரில்லாத காலத்தில் வீரர் சோம்பியிராவண்ணம் அவரைக் கொண்டு இவ்வேரியை வெட்டுவித்தார் என்பது செவிவழிச் செய்தி. வாளேந்திய கை மண்வெட்டியும் ஏந்திற்று என்னும் இச்செய்தியை மக்கள் விரும்பிச் சொல்லிவருவதில் வியப்பில்லை.

ஏரி வெட்டுதல் ஒரு தலைமுறையின் வேலை. காத்தலோ எல்லாத் தலைமுறைக்கும் உரிய வேலை. வண்டல் படியும், கரை கரையும், மதகு பழுதுறும். அக்காலத்து ஊர்கள் காவலை எவ்வாறு அமைத்தன என்பதைப் பராந்தகர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. அவை 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. முன்னைய ஏற்பாட்டில் கண்ட குறைகளைப் பின்னையது திருத்திற்று. அதன்படி ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட அகவையினர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். இவ்வாறு தேர்ந்தவருள் அறுவர் ஏரி வாரியமாக ஓராண்டு பணியாற்றினர். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் பெயர் இடப்பெறும் தகுதியை இழந்தனர். பிறர்பொருள் கவர்ந்தவரும் விலக்கப்பட்டனர். பதவியிலிருக்கும்போதே குற்றங் கண்டால் அப்போதே நீக்கப்பட்டனர்.

இங்கு ஒரு குறையையும் மறையாது சொல்லுதல் வேண்டும். அச்சபை நிலமும் கல்வியும் உடைய அந்தணர்களின் சபை. உழுதவரும் கரைக்கு மண் சுமந்தவரும் அதில் அமரவில்லை, பெண்களும் அமரவில்லை. தாகத்திற்குக் குலமில்லை, ஆகவே நீர்க்காவலுக்கும் குலவரம்பு கூடாது. முன்னோர் முறையிற் கணக்கொழுக்கத்தைக் கொண்டு, வரம்பைத் தள்ளுதலே நமக்கு முறை.

பராந்தகரின் முதுமை துயரிற் கழிந்தது. 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தர் யானைமேலிருந்தவாறே மாண்டார். தொண்டைநாடு இராட்டிரகூடர் வசமாயிற்று. அரைநூற்றாண்டு முயன்று சேர்த்த நாட்டிற் பெரும்பகுதியை இழந்த நிலையில் மன்னர் மறைந்தார். பின் அரசெய்திய இரண்டாம் மைந்தர் கண்டராதித்தரின் தேவியாரே செம்பியன் மாதேவியார். நம் திருமுதுகுன்றத்துக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்த பெருமாட்டி. மாமனார் ஏரியும் மருமகளார் கோயிலும் ஒரே நாட்டுப்புறத்தில் இன்றும் நிலைத்துள்ளன. வென்ற நாடு போயிற்று, ஏரி நின்றது.

நின்றதும் தானாக அன்று. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்ட பின்னர் வடவாற்றுக்கு நீர்வரத்து உறுதிப்பட்டது. 2004 முதல் இவ்வேரி நீர் வடக்குத்தில் தூய்மை செய்யப்பெற்று, 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய்வழியே சென்னை மாநகர்க்குக் குடிநீராகச் செல்கின்றது. ஆயிரம் ஆண்டுக்கு முன் உழவருக்கென எடுத்த கரை, இன்று தொலைநகரின் குழந்தைக்கும் தாகந் தணிக்கின்றது.

அன்பர்களே! நாம் பெரிய ஏரி வெட்டவேண்டுவதில்லை. வெட்டியிருப்பதைக் கெடாமற் காத்தாற் போதும். நம் ஊர் மணிமுத்தாறு ஆண்டிற் பல திங்கள் மணலாய்க் கிடப்பதை நாம் அறிவோம். நம் தெருவின் குளத்திற் குப்பை கொட்டுவதும், வரத்துக்காலை மறித்துச் சுவர் எழுப்புவதும், கிணற்றை மூடி மறப்பதும் நம் கையாலேயே நிகழ்கின்றன. ஒவ்வொரு தெருவிலும் அறுவர் முன்வருக. பிற குலத்தாரையும் பெண்களையும் உடன் அழைக்க. மழைக்கு முன் வரத்துக்காலைத் திறந்து வண்டலை வாரிக் கரையில் இடுக. ஆண்டு முடிவில் பெற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் ஊரறியக் கணக்குக் காட்டுக. கணக்குக் காட்டாதவர் எத்துணை நெருங்கிய உறவினராயினும் மறுமுறை அவரை ஏற்காதிருக்க. பராந்தகர் வரலாற்றை நாம் படித்ததன் பயன் அதுவேயாகும்.