இன்சுலின் தந்த எலும்பு மருத்துவர்: ஃபிரெடெரிக் பேண்டிங்

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளின் உயிர் காக்கும் இன்சுலினைக் கண்டறிந்த குழுவில் முதன்மையானவர் ஃபிரெடெரிக் பேண்டிங். அவர் நீரிழிவு வல்லுநர் அல்லர். எலும்பு அறுவை மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர்.

இளமையும் பயிற்சியும்

பேண்டிங் 1891 நவம்பர் 14 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அலிஸ்டன் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றி, 1918-இல் கையில் காயமுற்றார். நாடு திரும்பியதும் டொராண்டோவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் எலும்பு அறுவைப் பயிற்சி பெற்றார். 1920-இல் ஒன்டாரியோவின் லண்டன் நகரில் அவர் தொடங்கிய மருத்துவமனைக்கு நோயாளிகள் மிகக் குறைவாகவே வந்தனர்.

கண்டுபிடிப்பு

அக்காலத்தில் நீரிழிவுக் குழந்தைகளுக்கு உணவைக் கடுமையாகக் குறைப்பதே சிகிச்சை. அதனால் ஆயுள் சற்று நீண்டாலும் உடல் மெலிந்து வளர்ச்சி குன்றியது. 1921-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மெக்லியாட்டின் ஆய்வகத்தில் பேண்டிங், சார்லஸ் பெஸ்ட்டுடன் இணைந்து கணையச் சாற்றை ஆராய்ந்தார். கோலிப் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் லியனார்டு தாம்ப்சனுக்கு அது செலுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி பேண்டிங்கிடம் வந்தபோது, ஏறக்குறைய 15 வயதிலும் அவரது எடை சுமார் 20 கிலோ மட்டுமே. இன்சுலினும் போதிய உணவும் கிடைத்தபின் உடல் தேறிய அவர், மூன்று குழந்தைகளுக்குத் தாயாகி 73 வயது வரை வாழ்ந்தார்.

1923-இல் பேண்டிங்கிற்கும் மெக்லியாட்டிற்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தம் பங்குத் தொகையைப் பேண்டிங் பெஸ்ட்டுடன் பகிர்ந்துகொண்டார். 1941 பிப்ரவரியில் நியூஃபவுண்ட்லாந்தில் நிகழ்ந்த விமான விபத்தில், 49-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவரது பிறந்தநாளே உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

எலும்புக்கும் இன்சுலினுக்கும் உள்ள தொடர்பு

இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பதோடு நிற்பதில்லை. எலும்பை உருவாக்கும் செல்களின் பணிக்கும் துணைபுரிகிறது. இரத்தச் சர்க்கரை தொடர்ந்து மிகுந்திருந்தால் சிறுநீர் வழியே கால்சியம் கூடுதலாக வெளியேறும். ஆகவே முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறையவும், எலும்பு முறிவு ஏற்படவும் வாய்ப்பு அதிகம். எலும்பின் வலிமை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலுமே சேர்கிறது.

பெற்றோர் கவனத்திற்கு

- மருத்துவர் ஆலோசனையின்றி இன்சுலினை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.
- சர்க்கரை ஏறிவிடும் என்ற அச்சத்தில் குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. பால், தயிர், கேழ்வரகு, கீரை, முள்ளோடு உண்ணத்தக்க சிறுமீன் ஆகியவற்றை உணவுத் திட்டத்தில் சேர்க்கலாம்.
- அன்றாடம் ஓடி விளையாட ஊக்குவிக்க வேண்டும். விளையாட்டுக்கு முன் சர்க்கரை அளவைச் சோதித்து, தாழ்சர்க்கரையைச் சமாளிக்கக் குளுக்கோஸ் உடன் வைத்திருக்க வேண்டும்.
- ஒவ்வொரு பரிசோதனையிலும் உயரத்தையும் எடையையும் பதிவு செய்யுங்கள். வளர்ச்சி தடைப்பட்டாலோ, சிறு விழுதலிலேயே எலும்பு முறிந்தாலோ மருத்துவரிடம் தெரிவியுங்கள். வைட்டமின் டி குறைபாடு, கோதுமையில் உள்ள குளூட்டனால் தூண்டப்படும் தன்னெதிர்ப்பு நோயான சீலியாக் நோய் ஆகியவை உள்ளனவா என அவர் ஆராய்வார்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் குழந்தைகள் உண்ணவும் வளரவும் வழி திறந்தது இன்சுலின். அதனை நாள்தோறும் தவறாமல் செலுத்துவது, குழந்தையின் எலும்புகளுக்கும் நாம் அளிக்கும் பாதுகாப்பாகும்.