ஊதியம் வேண்டாத் திருப்பணி: ஜோசப் வாஸ் அடிகளார்

ஞாயிறுதோறும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள கிறிஸ்தவ ஆலயங்களிலே, பீடத்தை அலங்கரிப்போரும் பாடற்குழுவிற் பாடுவோரும் சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பிப்போரும் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர்களே. சுமை முழுவதும் ஒரு சிலர் தோள்மீதே ஏறுகின்றது என்னும் குறை எழுவதுண்டு. திருச்சபை தன் மக்களிடம் எவ்வளவுதான் எதிர்பார்க்கலாம் என்னும் வினாவும் எழுவதுண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் ஜோசப் வாஸ் அடிகளார்.

கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கொங்கணிக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். அக்காலை இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் வசமாயிருந்தது. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய அவர்கள் கத்தோலிக்க குருமாரை நாடு கடத்தினர். குருவுக்கு அடைக்கலம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மேய்ப்பனற்றுத் தவித்த இம்மக்களின் நிலையைக் கேள்வியுற்ற அடிகளார், 1687இல் கூலியாள் வேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வழியிற் பட்ட பட்டினியாலும் நோயாலும் அவர் உடல் நலிந்திருந்தது. எனினும், கழுத்திலே செபமாலையை அணிந்து வீடுவீடாகப் பிச்சை ஏற்று, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அவர் கண்டறிந்தார். சில்லாலை அவருடைய பணிக்கு நிலைக்களமாயிற்று.

தீவு முழுவதற்கும் ஒரு குரு போதாதென்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே ஊர்தோறும் பொதுநிலையினருள் தகுதியுடையோரைத் தெரிந்து பொறுப்பளித்தார். மூப்பர் ஊர்க் கிறிஸ்தவர்களைக் கண்காணிப்பார். வறியோர் யார், பிணியாளர் யார் என அறிந்து குருவுக்குத் தெரிவிப்பார். அண்ணாவியார் ஞாயிறு செபத்தை நடத்துவார். சிறுவர்க்கு மந்திரங்களைக் கற்பிப்பார். சாகுந்தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிப்பார். குருவின் வருகைக்கு மக்களை ஆயத்தம் செய்வதும் இவர்கள் கடனாயிற்று. இப்பணிகட்குச் சம்பளம் இல்லை. அகப்பட்டாற் கிடைப்பது சிறை.

அஃது எத்தகைய சிறை என்பதனை 1689ஆம் ஆண்டு நத்தார் இரவு காட்டிற்று. வழிபாட்டுக்காக யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டிற் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் சூழ்ந்துகொண்டனர். குரு தப்பினார், மக்கள் பிடிபட்டனர். டொன் பேதுரு என்பவர் அடியுண்டு உயிர் துறந்தார். வேறு சிலர் கடுஞ்சிறையில் வாடினர். சாதாரண மக்களிடம் இத்துணைப் பெரிய விலையைக் கேட்க எவருக்கு உரிமையுண்டு? தாமும் அவ்விலையைக் கொடுக்க முன்வருபவருக்கே உண்டு என்பதை அடிகளாரின் பிற்கால வாழ்வு உணர்த்துகின்றது.

1692இல் கண்டி சென்ற அவரைப் போர்த்துக்கீச ஒற்றர் என ஐயுற்று மன்னன் சிறையிலிட்டான். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்று விடுதலையானார். 1697இல் கண்டி நகரில் வைசூரி பரவியது. உற்றாரே நோயாளரைக் கைவிட்டு ஓடிய வேளையிலே, அடிகளாரும் அவர்தம் மருமகனான கர்வாலோ அடிகளும் வீடுவீடாகச் சென்று, சாதி சமயம் பாராது பிணியாளரைக் கழுவினர், உணவூட்டினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். ஒல்லாந்தரின் கண்காணிப்பு மிகுந்த கொழும்புக்கும் அவர் மாறுவேடத்தில் வந்து, இரவிலே மக்களைச் சந்தித்துச் சென்றார்.

1705இல் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் அவர் பணிக்குத் துணையாக வந்தார். அவர் தமிழிலும் சிங்களத்திலும் யாத்த நூல்கள், குரு இல்லாத ஊர்களிலே அண்ணாவிமாரின் கைக்கருவிகளாயின. அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இன்றும் ஒலிக்கின்றது.

1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் அடிகளார் உயிர் நீத்தார். அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று அடையாளம் தெரியாதவாறு மறைந்துவிட்டது. எனினும் அவர் நாட்டிய அமைப்பு மறையவில்லை. 1806இல் ஆங்கிலேய ஆட்சி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கும்வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் விசுவாசத்தைக் காத்ததிற் பெயரறியா மூப்பர்க்கும் அண்ணாவிமார்க்கும் பெரும் பங்குண்டு. 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலிலே திருத்தந்தை பிரான்சிஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது, அம்மக்களின் உழைப்பும் மறைமுகமாகச் சிறப்புப் பெற்றது எனலாம்.

பொறுப்பை நம்பிக் கொடுத்தலும், கொடுத்தவரைத் தனியே விடாது உடன் சுமத்தலுமே அடிகளார் கையாண்ட முறை. பங்கு மக்களிடம் மிகுதியாக எதிர்பார்ப்போர் முதலில் தம்மிடம் அதனை எதிர்பார்த்தல் வேண்டும். அவ்வாறு செய்வார்க்குத் துணைவர் குறைவதில்லை. அது இல்லாவிடத்துத் திருப்பணி வெறும் பதவியாகும். அன்றேல் வெறும் சுமையாகும்.