கொசுவுக்குள் புழுவைக் கண்ட டாக்டர்

கால் வீங்கும். நாளாக ஆக இன்னும் பருக்கும். தோல் தடித்து, யானையின் கால் போலாகிவிடும்.

இதுதான் யானைக்கால் நோய். இது எப்படிப் பரவுகிறது என்பதைத் தேடிப் புறப்பட்டவர் பாட்ரிக் மான்சன்.

இவர் 1844-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் பிறந்தார். டாக்டருக்குப் படித்தார். 1871-ல் சீனாவில் உள்ள அமாய் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தார்.

அங்கே யானைக்கால் நோயாளிகள் ஏராளம். பருத்த சதையை மான்சன் அறுத்து எடுத்தார். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

1875-ல் லீவில் லண்டன் சென்றார். கல்கத்தாவில் லூயிஸ் என்ற டாக்டர் 1872-ல் மனித ரத்தத்தில் நுண்ணிய புழுக்களைக் கண்ட விவரம் அங்கே தெரிந்தது.

இந்தக் குட்டிப் புழுக்கள் எல்லாம் ரத்தத்திலேயே வளர்ந்தால் மனிதன் பிழைக்கமாட்டான். ஆகவே, அவை வெளியேறி வேறு இடத்தில் வளரவேண்டும். ரத்தத்தை உறிஞ்சி வெளியே எடுப்பது எது?

கொசு!

மான்சனின் தோட்டக்காரர் ஹின் லோ. அவர் ரத்தத்தில் இந்தப் புழு இருந்தது. 1877-ல் ஓர் இரவு அவரைக் கொசுக்கள் உள்ள அறையில் தூங்க வைத்தார் மான்சன். (புகழ் டாக்டருக்கு, கடி தோட்டக்காரருக்கு!)

காலையில் ரத்தம் குடித்த கொசுக்களைப் பிடித்தார். அவற்றை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். புழு அழியவில்லை. கொசுவின் உடலுக்குள் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது!

இன்னொரு விந்தையையும் அவர் கண்டார். பகலில் ரத்தத்தில் தென்படாத புழுக்கள், இரவில் கூட்டமாக வருகின்றன. கொசு கடிக்கும் நேரம் அல்லவா அது?

சரி, கால் ஏன் வீங்குகிறது?

ரத்தக் குழாய்களிலிருந்து ஒருவகை நீர் கசிந்து சதைக்குள் போகிறது. அதைத் திருப்பி எடுத்துச் செல்வது நிணநீர்க் குழாய்களின் வேலை. நூல் போன்ற பெரிய புழுக்கள் இந்தக் குழாய்களில்தான் குடியிருக்கின்றன. குழாய் கெட்டால் நீர் வடியாது. வாய்க்கால் தூர்ந்தால் வயலில் தண்ணீர் தேங்குவதுபோல, காலில் நீர் தேங்கும். அப்புறம் விரல் இடுக்குப் புண் வழியாகக் கிருமிகள் நுழையும். காய்ச்சல் வரும். வந்து போகும் ஒவ்வொரு தடவையும் கால் இன்னும் பருக்கும்.

ஒரு விஷயத்தில் மான்சன் தவறிவிட்டார். கொசு தண்ணீரில் விழுந்து சாகும். அதைக் குடிப்பவருக்கு நோய் வரும் என்று எண்ணினார். அவருடைய மாணவரான இளம் டாக்டர் ஒருவர் 1900-ல் கொசுவின் ஊசி வாயிலேயே புழுவைக் கண்டார். தண்ணீர் அல்ல, கடிதான் காரணம்!

இதற்குள் மான்சன் இன்னொரு பெரிய காரியமும் செய்திருந்தார். மலேரியாவிலும் கொசுவைத் தேடும்படி 1894-ல் ரொனால்ட் ராஸுக்கு யோசனை சொன்னார். 1897-ல் செகந்தராபாத்தில் ராஸ் அதைக் கண்டுபிடித்தார்.

மான்சன் 1922-ல் காலமானார்.