பனியின் ஆழம் காணப் புறப்பட்டவர்

ஆழம் அறிந்து காலிடுதல் அறிவுடையார் வழக்கு. நீரின் ஆழத்தைக் கோலிட்டு அறியலாம். கயிறு விட்டும் அறியலாம். கல்லென இறுகி, ஒரு பெருந்தீவையே மூடிக்கிடக்கும் பனியின் ஆழத்தை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடை காணப் புறப்பட்டு, அப்பனியிடையே உயிர் நீத்தவர் ஜேர்மானிய அறிஞர் அல்பிரட் வேகனர். கண்டங்கள் இடம்பெயர்கின்றன என்ற கொள்கையால் உலகம் அவரை அறியும். பனியாராய்ச்சிக்கு அவர் ஆற்றிய தொண்டினை அறிந்தோர் சிலரே.

வேகனர் 1880 ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி பேர்லின் நகரிற் பிறந்தார். தந்தையார் சமயகுரு, பழைய மொழிகளைக் கற்பித்த ஆசிரியருமாவார். மைந்தரோ விண்ணை நோக்கினார். 1905 இல் வானியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றபின் வானிலை ஆராய்ச்சியிற் புகுந்தார். 1906 இல் தமையனார் கூர்ட்டுடன் பலூனில் ஏறி, 52 மணி நேரத்துக்கு மேல் வானில் மிதந்து, அந்நாள்வரை எவரும் எய்தாத சாதனை படைத்தார். அவ்வாண்டிலேயே டென்மார்க்கு நாட்டுக் குழுவொன்றுடன் முதன்முறையாகக் கிறீன்லாந்துக்குச் சென்றார். 1912 இல் மீண்டுஞ் சென்று, கோக் என்பார் தலைமையிற் பனிமேலேயே மாரியைக் கழித்து, மறு ஆண்டில் அப்பெருந்தீவைக் குறுக்காகக் கடந்தார்.

கண்ட நகர்வுக் கொள்கையை அவர் முதலில் எடுத்துரைத்தது 1912 இல். நூலாக வெளியிட்டது 1915 இல். கண்டங்கள் தமக்குக் கீழேயுள்ள, செறிவு மிக்க, நெகிழுந் தன்மையுள்ள படையின்மேல் மிதக்கின்றன என்பது அதன் அடிப்படை. மிதக்கும் பொருள் பாரம் ஏறின் தாழும். பாரம் இறங்கின் உயரும். பண்டைப் பனிப்பாரம் நீங்கிய ஸ்கண்டிநேவிய நிலம் இன்றும் உயர்ந்து வருகின்றது. அங்ஙனமாயின், பனி நீங்காத கிறீன்லாந்தின் நிலம் எவ்வளவு தாழ்ந்து கிடக்கும்? அதனை அறியப் பனியின் தடிப்பை முதலில் அறிதல் வேண்டும்.

அதற்குரிய வழியைப் புவிப்பௌதிகவியல் அளித்தது. பனியில் வெடிமருந்தை வெடிக்கச் செய்தால், அவ்வதிர்ச்சி அலையாகக் கீழிறங்கிப் பாறையில் மோதி எதிரொலிபோல் மீளும். மீள்வதை நிலநடுக்கம் பதியுங் கருவி குறித்துக்கொள்ளும். பனியினூடே அவ்வலை செக்கனுக்கு 3,600 முதல் 3,800 மீற்றர் வரை செல்லும். சென்று மீண்ட நேரத்திற் பாதியை வேகத்தாற் பெருக்கினால் ஆழம் வந்துவிடும். அல்ப்ஸ் மலைப் பனிக்கட்டியாறுகளிற் சோதிக்கப்பெற்ற இம்முறையை, கிறீன்லாந்தின் அகன்ற பனிக்கவிப்பிற் கையாளத் துணிந்தார் வேகனர். 1929 இல் முன்னாய்வு நடத்தி, 1930 இற் பெருங்குழுவுடன் சென்றார்.

தொடக்கத்திலேயே இடர் வந்தது. உறைந்த கடல் அவர்களை ஆறு வாரமளவும் கரையேறவொட்டாது தடுத்தது. விசிறியால் இயங்கும் பொறிச் சறுக்குவண்டிகளும் கைகொடுக்கவில்லை. மேற்குக் கரைக்கு 400 கிலோமீற்றர் உள்ளே, 3,000 மீற்றர் உயரத்தில், பனியின் நடு எனப் பொருள்படும் ஐஸ்மிற்றே நிலையத்தில் கியோர்கி, சோர்கே என்னும் இருவர் காத்திருந்தனர். எரிபொருளும் பிறவும் வந்தடையாவிடின் ஒக்டோபர் 20 ஆந் திகதி கால்நடையாகப் புறப்படுவோம் என அவர்கள் அறிவித்திருந்தனர். அது சாவை நாடிச் செல்வதே என உணர்ந்த தலைவர், செப்டெம்பர் 21 ஆந் திகதி லோவே என்பாருடனும் கிறீன்லாந்தர் பதின்மூவருடனும் நாய் வண்டிகளிற் புறப்பட்டார். கடுங்குளிரில் பன்னிருவர் இடைவழியிலேயே திரும்பினர். ராஸ்முஸ் வில்லும்சென் என்னும் இளைஞர் ஒருவரே உடன் நின்றார்.

நாற்பது நாட் பயணத்தின்பின், ஒக்டோபர் 30 ஆந் திகதி மூவரும் நிலையத்தை அடைந்தனர். கொணர்ந்த பொருள்களிற் பெரும்பகுதி வழியிலேயே விடப்பட்டிருந்தது. லோவேயின் கால்விரல்கள் குளிரால் மரத்து அழிந்திருந்தன. அங்கிருந்த இருவரோ, உள்ளதைக் கொண்டே மாரியைக் கழிக்க முன்னமே துணிந்து, பனியைக் குடைந்து உறைவிடம் அமைத்திருந்தனர். உணவு ஐவர்க்குப் போதாது. ஆகவே, தமது ஐம்பதாவது பிறந்தநாளாகிய நவம்பர் முதலாந் திகதி, வேகனர் ராஸ்முஸுடன் கரை நோக்கி மீண்டார். இருவருங் கரை சேரவில்லை.

1931 மே 12 ஆந் திகதி, பாதிவழியில் நாட்டப்பட்டிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளின் கீழ் அவர் உடல் கிடைத்தது. உறைகளிற் பொதிந்து தைத்து, முறையாக அடக்கஞ் செய்யப்பட்டிருந்தது. இறந்தது மிகுந்த உழைப்பினால் இதயம் ஓய்ந்தமையால் எனக் கருதினர். அடக்கஞ் செய்த ராஸ்முஸின் உடல் இறுதிவரை கிடைக்கவேயில்லை.

பணி நின்றதோ எனில், இல்லை. தமையனார் கூர்ட் தலைமை ஏற்றார். அவ்வாண்டிலேயே ஐஸ்மிற்றேயில் வெடிவைத்து அளந்தபோது, பனியின் தடிப்பு இரண்டாயிரம் மீற்றருக்கு மேற்பட்டதெனத் தெரிந்தது. பின்னாளில் பிரெஞ்சுக் குழுவினரும், விமானத்திலிருந்து ரேடார் கொண்டு அளந்தோரும், கிறீன்லாந்தின் அகநிலம் பனிப்பாரத்தாற் கிண்ணம்போற் குழிந்து கிடப்பதை உறுதிப்படுத்தினர். அறிஞர் பலர் எள்ளிய கண்ட நகர்வும் 1960 களில் ஏற்கப்பட்டது. அவர் கணித்த வேகம் பிழையாயினும், கண்டங்கள் நகர்தல் மெய்யே.

மாணாக்கர்க்கு வேகனரின் வரலாற்றைக் கூறும் ஆசிரியர், கண்டங்களோடு நிறுத்துதல் முறையன்று. தம்மை நம்பி இருந்த இருவர்க்காகப் பனியிற் சென்ற தலைவரையும், பட்டமும் பதவியும் இன்றி அத்தலைவருக்கு இறுதிக்கடன் ஆற்றிய ராஸ்முஸையும் ஒருங்கே கூறுதல் வேண்டும். பனியின் ஆழத்தைக் கருவி அளந்தது. இவ்விருவர் உள்ளத்தின் ஆழத்தை நாமே அளந்தறிதல் வேண்டும்.