தேனீக்களின் பங்குக் குரு: யோவான் ஜியெர்சோன் அடிகளார்

யூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வரலாறு எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். புனிதர்களைப் பற்றி எழுத நம்மிடையே பலர் உண்டு. நான் எடுத்துக்கொண்டவர் புனிதர் அல்லர். சொல்லப்போனால், 32 ஆண்டுகள் திருச்சபைக்கு வெளியே நின்றவர். ஆயினும் பெரிய சனிக்கிழமை இரவில் பாஸ்காத் திரியை ஏற்றி, அதன் புகழுரையில் தேனீக்களின் உழைப்பு நினைவுகூரப்படும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

1811ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், அன்று பிரஷ்ய ஆட்சியின் கீழும் இன்று போலந்து நாட்டிலும் உள்ள சைலீசியாவில், வோவ்கோவிட்சே என்னும் சிற்றூரில் ஒரு குடியானவக் குடும்பத்தில் யோவான் ஜியெர்சோன் பிறந்தார். தந்தையிடம் நிலத்தோடு சில தேன்கூடுகளும் இருந்தன. பிரெஸ்லாவ் நகரில் படித்து, 1834இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே கார்ல்ஸ்மார்க்ட் என்னும் ஊரின் பங்குக் குருவானார். போலந்துக்காரர் எங்களவர் என்பார்கள்; ஜெர்மானியர் எங்களவர் என்பார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

அந்நாளில் அவ்வூர்களில் தேனீக்கள் குடைந்த மரத்துண்டுகளிலும் வைக்கோல் கூடைகளிலுமே வாழ்ந்தன. அடைகள் உட்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தேன் வேண்டுமென்றால் அடையை அறுக்க வேண்டும். பல இடங்களில் கந்தகப் புகையிட்டுக் குடும்பத்தையே கொன்று தேன் எடுப்பார்கள். உள்ளே நடப்பதைக் காண ஒருவருக்கும் வழியில்லை. 1838இல் நம் அடிகளார் ஒரு பெட்டி செய்தார். அதனுள் வரிசையாகச் சட்டங்களைக் கிடத்தினார். ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் அடை தொங்கும். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஒன்றரை அங்குலம். வேண்டிய அடையைத் தனியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். 1848இல் சட்டங்கள் நகருவதற்காகப் பக்கச் சுவரில் 8 மில்லிமீட்டர் காடி வெட்டினார். ஆனால் அவர் வைத்தது மேற்சட்டம் மட்டுமே. பக்கத்தில் ஒட்டிய அடையைக் கத்தியால் பிரித்தே எடுக்க வேண்டும். நாற்புறச் சட்டத்தைச் சில ஆண்டுகள் கழித்து பெர்லெப்ஷ் பிரபு சேர்த்தார். அதே காலத்தில், 1851இல், அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்னும் புரொட்டஸ்டாண்டு போதகர், மூடிக்கும் சட்டங்களுக்கும் இடையே ஒரு தேனீ நுழையுமளவு சந்து விட்டால் மூடி ஒட்டாது என்று கண்டார். சந்து குறைந்தால் பிசின் வைத்து ஒட்டிவிடும். கூடினால் அங்கும் அடை கட்டிவிடும். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் இரு போதகர்கள் ஒரே காலத்தில் ஒரே பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தது எனக்கு வியப்பு!

ஆனால் பெட்டி செய்வதோடு காரியம் முடியவில்லை. சைலீசியாவின் குளிர் நாம் அறியாதது. பல வாரங்கள் பனி உருகாது. வைக்கோல் கூடை குளிரை நன்றாகத் தடுத்தது. பலகைப் பெட்டியோ மெல்லியது. திறந்து பார்க்கும் வசதிக்காகத் தேனீக்களைக் குளிரில் சாகவிட்டால் என்ன பயன்? அடிகளார் பெரிதும் மனம் செலுத்தியது இதில்தான்.

குளிர்காலத்தில் தேனீ உறங்குவதில்லை. எல்லாம் பந்துபோல் ஒன்றாகத் திரண்டு, இறக்கைத் தசைகளை அசைத்து வெப்பம் உண்டாக்கிக்கொள்கின்றன. அந்த அடுப்புக்குத் தேனே விறகு. பெட்டி எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு தேன் செலவாகும். தேன் தீர்ந்தால் வசந்தத்துக்கு முன்பே குடும்பம் அழியும். இன்னொரு ஆபத்தும் உண்டு. தேன் செரிக்கும்போது நீராவி வெளிப்படுகிறது. வெதுவெதுப்பான அந்தக் காற்று மேலே எழும். மேலே இருப்பது வெறும் மெல்லிய பலகையானால், நம் வீட்டுச் சோற்றுப்பானையின் மூடியைப் போல அதன் அடியில் வியர்க்கும். அந்த நீர் சொட்டுச் சொட்டாகப் பந்தின் மேலேயே விழும். உலர்ந்த தேனீ கடுங்குளிரையும் தாங்கும். நனைந்த தேனீ தாங்காது. ஆகவே பக்கச் சுவரைவிட மேல்மூடியே முக்கியம்.

அடிகளார் சட்டங்களின் மேல் சிறு சிறு பலகைகளை உள்மூடியாகப் பரப்பினார். அவற்றுக்கும் பெட்டியின் கூரைக்கும் இடையே இடம் விட்டார். குளிர்காலத்தில் அந்த இடத்தில் பாசி, உலர்ந்த புல், பதர் போன்றவற்றை அடைப்பார்கள். அவை வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஈரத்தையும் ஓரளவு உறிஞ்சும். உள்மூடி வெதுவெதுப்பாக இருப்பதால் நீர் சொட்டாது. இரட்டைப் பெட்டி என்று ஒன்றையும் செய்தார். இரு பெட்டிகளுக்கும் வெளிப்பக்கச் சுவர் தடிப்பு, உட்பக்கச் சுவர் மெல்லியது. மெல்லிய பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்படி இரண்டையும் சேர்த்து வைத்தால், ஒரு குடும்பத்தின் சூடு மறு குடும்பத்துக்கும் உதவும். செலவில்லாத போர்வை!

இதை நான் சற்று நீட்டி எழுதக் காரணம் உண்டு. உதவிக் குருவாக ஒரு மலையடிவாரப் பங்கில் இருந்தபோது நானும் ஒரு பெட்டி வைத்திருந்தேன். 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்பைக் கற்பித்த நியூட்டன் அடிகளாரின் பெயரால் வழங்கும் சிறு பெட்டி அது. மழைக்குப் பயந்து அதன் மேல் ஒரு தகரத்தைப் போட்டேன். கீழே ஒரு சாக்குக்கூட வைக்கவில்லை. சித்திரை வெயிலில் அடைகள் இளகி விழுந்தன. எஞ்சிய தேனீக்கள் பறந்துபோய்விட்டன. குளிர் ஆனாலும் வெயில் ஆனாலும் மூடியின் கணக்கு ஒன்றே என்பது பிறகுதான் புரிந்தது.

அடைகளை எடுத்துப் பார்க்க முடிந்ததால் வேறொன்றும் தெரிய வந்தது. ஆண் தேனீக்கள் கருவுறாத முட்டையிலிருந்தே பிறக்கின்றன என்று 1845இல் அவர் எழுதினார். கற்றோர் நகைத்தார்கள். பெர்லெப்ஷ் பிரபுவும் முதலில் ஏற்கவில்லை. 1853இல் இத்தாலிய மஞ்சள் தேனீக்களை வரவழைத்து வளர்த்தார். உள்ளூர் ஆணோடு சேர்ந்த இத்தாலிய ராணியின் ஆண் மக்கள் தாயைப் போலவே கலப்பின்றி இருந்தன. பின்னர் சீபோல்டு என்னும் பேராசிரியர் முட்டைகளை நுண்பெருக்கிக் கண்ணாடியில் சோதித்து, 1856இல் அடிகளார் சொன்னதே உண்மையென நூல் வெளியிட்டார். 1872இல் மியூனிக் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. இதற்கிடையே திருட்டு, தீ, வெள்ளம், புழு அழுகல் நோய் எல்லாம் அவருடைய பெட்டிகளைத் தாக்கின. ஒவ்வொரு முறையும் மிஞ்சியதிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

இனி எழுதுவது கடினம். 1869இல் அவர் பங்குப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 1870 ஜூலை 18இல் முதல் வத்திக்கான் சங்கம் பாப்பரசரின் தவறா வரத்தை விசுவாச சத்தியமாக அறிக்கையிட்டது. அடிகளார் அதை ஏற்க மறுத்தார். பழைய கத்தோலிக்கர் எனப்பட்ட பிரிவினரோடு சேர்ந்தார். 1873இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். அவர் செய்தது சரி என்று எழுத என் கை ஒப்பாது. மறைத்துவிட்டு எழுத மனம் ஒப்பவில்லை. தேனீக்களின் காரியத்தில் உலகமே மறுத்தபோது அவர் பணியாதது பலன் தந்தது; அதே பிடிவாதம் இங்கேயும் அவரைத் தாங்கும் என்று எண்ணினாரோ என்று நான் நினைப்பதுண்டு. குருத்துவ வாழ்வில் நாற்பது ஆண்டை எட்டும் வேளையில் தம் பீடத்தை இழந்து நிற்பது என்ன என்பதைக் குருக்களே அறிவார்கள்.

1884இல் அவர் பிறந்த ஊருக்கே திரும்பினார். அங்கே தேனீக்களோடு முதுமையைக் கழித்தார். வயது எண்பதைத் தாண்டியது, தொண்ணூறையும் தாண்டியது. 1905இல், தம் 94ஆம் வயதில், திருச்சபையோடு ஒப்புரவானார். கதவு உள்ளேயிருந்து திறந்ததா, வெளியேயிருந்து தட்டப்பட்டதா என்று நான் ஆராயப் போவதில்லை. திறந்தது.

ரைஹன்பாக் என்னும் நகருக்கு 1946இல் ஜியெர்சோனுவ் என அவர் பெயரே சூட்டப்பட்டது. பிறந்த ஊருக்கு அருகே குளூச்போர்க் நகரில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகமும் ஏற்பட்டது. அவரோ 1906 அக்டோபர் 26ஆம் நாள் தம் சிற்றூரிலேயே இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்த நாட்டில் தேனீக்கள் குளிருக்கு அஞ்சிப் பந்தாகத் திரளத் தொடங்கும் பருவம் அது.