வானலைக்கு வழி திறந்த பெருமகனார்

கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்குச் செல்லும்போதெல்லாம், கைப்பேசியும் கையுமாக நிற்கும் மாணவச் செல்வங்களைக் காண்கின்றோம். அவர்தம் பேச்சைச் சுமந்து செல்வது கம்பியற்ற வானலை. அவ்வலையேறி இசையும் உரையும் சென்னை மக்களின் செவிகளை எட்டுமாறு செய்த முன்னோடி சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் ஆவார். அவர் பெயரை இன்று அறிந்தோர் சிலரே.

இங்கிலாந்தில் பொறியியல் பயின்ற செட்டியார், தாயகம் திரும்புகையில் ஒலிபரப்புக் கருவியின் உறுப்புகளையும் உடன் கொணர்ந்து, அவற்றைப் பொருத்தி இயக்கினார். வருவாய் கருதாது, ஆர்வம் ஒன்றினாலேயே வானொலியில் ஈடுபடுவோரை அமெச்சூர் வானொலியாளர் என்பர். அத்தகைய ஆர்வலர்களைத் திரட்டி, 1924 மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை அவர் தோற்றுவித்தார். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் எழும்பூரிலிருந்து ஒலிபரப்புத் தொடங்கியது. அக்கருவியின் ஆற்றல் 40 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரியும் அளவே! பின்னர் 200 வாட் கருவி அமைந்தது.

ஆர்வத்திற்குக் குறைவில்லை, பொருளுக்கே குறைவு நேர்ந்தது. 1927 அக்டோபரில் கழகத்தின் குரல் ஓய்ந்தது. அரிதின் முயன்று வளர்த்த பணி கண்ணெதிரே நின்றுபோவதைக் காண்பது எளிதன்று. எனினும் கருவி துருப்பிடித்துக் கிடக்கவில்லை. கழகம் அதனைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 1930 ஏப்ரல் முதல் நாள் மாநகராட்சி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலிப்பெட்டி வாங்க இயலாத ஏழை எளியோரும் கடற்கரையில் ஒலிபெருக்கி வழியே இசை கேட்டு மகிழ்ந்தனர். 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் உதயமாகி அப்பணியை ஏற்றது.

உலக வரலாறும் இதற்குச் சான்று பகரும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1920இல் எழுந்த வானொலி நிலையத்திற்கு வித்திட்டது, ஃபிராங்க் கான்ராட் தம் வீட்டுக் கொட்டகையில் நடத்திய அமெச்சூர் நிலையமே. 1976இல் ஆப்பிள் கணினியை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக், சிறுவயதிலேயே அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர். உறுப்புகளைத் தாமே இணைத்துப் பழகிய கைகளே, வீட்டு மேசைக்கும் கணினியைக் கொண்டுவந்தன.

செட்டியாரின் கழகம் நடத்திய ஒலிபரப்பு மூன்றே ஆண்டுகளில் முடிந்தது. அது தொடங்கிவைத்த பணியோ முடியவில்லை. கைப்பேசியை இயக்குவதோடு அமையாது, அஃது இயங்கும் முறையையும் ஆராய முற்படும் மாணவரே அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.